உயிரும் மெய்யும்: பி. ரம்லியின் நகைச்சுவைப் படங்களும் அவற்றின் நிலைபேறும்

நகைச்சுவைக்கு மூப்பில்லை என்னும் கூற்றைத் திரைப்படம் பற்றி எழுதுவோர் பலரும் எடுத்தாள்வர். வரலாற்றுத் துறையில் பயில்வோர் இதனை அவ்வளவு எளிதில் ஏற்க இயலாது. சோகம் நெடுநாள் நிற்கும். சிரிப்பு விரைவில் உலர்ந்துவிடும். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய வார இதழ் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்துப் புரட்டினால், அதில் வந்த தொடர்கதையை இன்றும் படிக்க முடிகிறது. துணுக்குகளுக்கோ அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது. யாரைக் கேலி செய்தார்கள், எந்த விலையேற்றத்தைச் சுட்டினார்கள் என்பவை மறைந்துபோகச் சிரிப்பும் உடன் மறைந்துவிடுகிறது. அதிலும் சொல்லை முதலாகக் கொண்ட நகைச்சுவையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சொல்லின் பொருள் சற்று நகர்ந்தாலே அது செத்துவிடும்.

இந்நிலையில், 1957 முதல் 1964 வரை சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பெற்ற சில மலாய் நகைச்சுவைப் படங்கள், அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பார்க்கப்படுவதும், அவற்றின் உரையாடல்கள் அன்றாடப் பேச்சில் பழமொழிபோல் வழங்குவதும் ஆராயத்தக்கன. பி. ரம்லி இயக்கி நடித்த 'பூஜாங் லாபோக்' வரிசைப் படங்களும் 'நுஜும் பா பெலாலாங்' படமும் இக்கட்டுரைக்குரிய முதன்மைச் சான்றுகள். இந்திய ஆய்வியல் துறையின் இதழில் மலாய்ப் படங்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர் இருக்கலாம். அவ்வினாவுக்குரிய விடையும் இக்கட்டுரையின் ஒரு பகுதியே. ஆனால் அவ்விடை நம்மவர் பலர் எதிர்பார்க்கும் விடையன்று.

இந்திய இயக்குநர்களும் மலாய்ச் சொல்லும்

மலாய்த் திரைப்பட வரலாறு இந்தியர் கையில் தொடங்கியது என்பது அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. முதல் மலாய்ப் படமாகப் பொதுவாகக் கருதப்பெறும் 'லைலா மஜ்னுன்' 1934-இல் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கத்தில் சிங்கப்பூரில் உருவானது. போருக்குப்பின் 1947-இல் ஷா சகோதரர்கள் மலாய்த் திரைப்பட நிறுவனத்தை ஜாலான் அம்பாசில் நிறுவியபோதும் இயக்குநர்களை இந்தியாவிலிருந்தே வரவழைத்தனர். எஸ். ராமநாதன், பி. என். ராவ், பனி மஜும்தார் முதலியோர் அவ்வாறு வந்து பணியாற்றியவர்கள். பினாங்கில் 1929-இல் பிறந்த ரம்லியைப் பாட்டுப் போட்டி ஒன்றில் கண்டெடுத்து 1948-இல் 'சிந்தா' படத்தில் சேர்த்தவர் ராஜ்ஹன்ஸ். 1950-இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதைத்தலைவன் ஆக்கியவர், சென்னையில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த எல். கிருஷ்ணன். இப்பெயர்களை ஒப்பிப்பதோடு நம் கருத்தரங்குக் கட்டுரைகள் பல நின்றுவிடுகின்றன. மறுபுறம், மலாய்த் திரைப்பட வரலாற்றாசிரியர் சிலர் அக்காலப் பகுதியை இந்தியப் படங்களின் நகல் காலம் என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். பெருமிதமும் ஒதுக்கலும் ஆகிய இரண்டுமே ஆய்வைத் தடுப்பவை.

இவ்விடத்தில் எளிய உண்மை ஒன்றைக் கருத வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்களுள் பலருக்குத் தொடக்கத்தில் மலாய்மொழி போதிய அளவு தெரியாது. கதையையும் உரையாடலையும் உள்ளூர் உதவியாளர்களே மலாயில் பெயர்த்துத் தந்தனர். மலாய் நன்கறிந்த கிருஷ்ணன் போன்றோர் விதிவிலக்கு. மொழிபெயர்த்து எடுக்கப்படும் படத்தில் கண்ணீர் வரலாம், பாட்டு வரலாம், சண்டை வரலாம், சிலேடை வராது. படம்பிடிக்கும் வேளையில் ஒரு சொல்லின் இன்னொரு பொருள் காதில் விழுந்து, அதைப் பிடித்துக்கொண்டு காட்சியை வளர்ப்பவர் அம்மொழியிலேயே கனவு காண்பவராக இருத்தல் வேண்டும். ரம்லி 1955-இல் 'பெனாரெக் பேச்சா' வழியாக இயக்குநரானார். இரண்டே ஆண்டுகளில், 1957-இல், 'பூஜாங் லாபோக்' வந்தது. மலாய்ப் படத்தில் சொல் விளையாட்டு முதன்மை பெற்றதும், இயக்குநர் நாற்காலி உள்ளூர்க் கலைஞரிடம் வந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமை தற்செயலன்று என்பது என் கருத்து.

அவ்வாறாயின் இந்தியத் தொடர்பு என்று சொல்ல எதுவுமில்லையா? உண்டு. அது வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்ப் படத்தில் நகைச்சுவை தனிப் பகுதியாக வகுக்கப்பெற்றிருந்ததை நாம் அறிவோம். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் வரும் பகுதியை வெட்டி எடுத்துத் தனிப் படமாகக் காட்டிவிடலாம் என்னும் அளவுக்கு அது தனித்து நிற்கும். கதைத்தலைவன் விழுவதில்லை, விழுபவர் வேறொருவர். 1941-இல் வந்த 'சபாபதி' போன்ற விதிவிலக்குகள் மிகச் சில. மலாய் நாடக மரபான பங்சாவானிலும் இதே பிரிவினை இருந்தது. பங்சாவானின் தோற்றமே, பினாங்கில் அரங்கேறிய பார்சி நாடகக் குழுக்களின் வழி வந்ததாகும். 1885-இல் அங்கே முதற்குழுக்களுள் ஒன்றை அமைத்தவர் மாமாக் புஷி. ஆக, தலைவன் ஒருபுறமும் கோமாளி ஒருபுறமும் என்னும் இந்திய அரங்க மரபு, பங்சாவான் வழியாக ஒருமுறையும் திரைப்பட இயக்குநர் வழியாக ஒருமுறையும் மலாய்க் கலைக்குள் வந்து சேர்ந்திருந்தது. ரம்லி செய்தது அதனை உடைத்தமை. பாடுபவனும் காதலிப்பவனும் வழுக்கி விழுபவனும் ஒருவனே ஆனான். நாம் தந்த மரபை அவர் பின்பற்றியதில் இருப்பதைவிட, அதை மீறியதில்தான் நம் தொடர்பு தெளிவாகத் தெரிகிறது.

மூன்று பேரும் ஒரு வாடகை அறையும்

'பூஜாங்' என்றால் மணமாகாதவன். 'லாபோக்' என்றால் பூஞ்சை பிடித்தது, மக்கியது. 'மக்கிப்போன பிரம்மச்சாரிகள்' என்று தமிழில் சொல்லலாம். ரம்லி, எஸ். சம்சுடின், அஜிஸ் சத்தார் ஆகிய மூவரும் ரம்லி, சுடின், அஜிஸ் என்னும் தத்தம் பெயரையொட்டிய பெயர்களிலேயே நடித்தனர். வாடகை அறை ஒன்றைப் பகிர்ந்துகொண்டு, கையில் காசின்றி, பெண் தேடித் திரியும் மூவர் என்பதே முதற்படத்தின் கதை. 1959-இல் 'பெண்டேகார் பூஜாங் லாபோக்', 1961-இல் 'அலி பாபா பூஜாங் லாபோக்', அதே ஆண்டு 'செனிமான் பூஜாங் லாபோக்' எனத் தொடர்ந்தன. 'பெண்டேகார்' 1959 ஆசியத் திரைப்பட விழாவிலும், 'நுஜும் பா பெலாலாங்' அடுத்த ஆண்டு தோக்கியோ விழாவிலும் சிறந்த நகைச்சுவைப் படங்களாகப் பரிசு பெற்றன.

இப்படங்களின் உடல்வழி நகைச்சுவை பற்றி நீண்டு சொல்ல வேண்டுவதில்லை. இடித்துக்கொள்ளுதல், விழுதல், தவறான ஆளை அடித்தல் ஆகியவை உலகெங்கும் உள்ளவை. ரம்லியிடம் சிறப்பாகக் குறிக்கத்தக்கது ஒன்றே: அவருடைய அடிதடி இட நெருக்கடியிலிருந்து பிறப்பது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தோன்றுவதற்கு முன்பும் அதையொட்டிய ஆண்டுகளிலும் நகரத்துக்கு வேலை தேடி வந்தோர் வாழ்ந்த, பலகைத் தடுப்பிட்ட வாடகை வீடுகளே களம். அடுத்த அறைக்காரன் எழுப்பும் ஓசை இந்த அறைக்காரனின் உறக்கத்தைக் கெடுக்கும். ஒருவன் கையை நீட்டினால் மற்றவன் மூக்கில் படும். வறுமையை இவ்வளவு கூர்மையாகப் பதிந்த ஆவணப்படம் அக்காலத்தில் வேறு உண்டா என்று ஐயுற இடமுண்டு. தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்த தமிழருக்கு அந்தப் பலகைச் சுவர் விளக்கமின்றியே புரியும்.

சொல் விளையாட்டே இப்படங்களின் உயிர். 'பெண்டேகார்' படத்தில் சிலம்பம் போன்ற சீலாட் தற்காப்புக் கலை பயில வந்த மூவரும், ஆசானின் மகள் நடத்தும் முதியோர் கல்வி வகுப்பில் அமர்கின்றனர். ஜாவி எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரியாக ஒப்பித்துவிட்டு, கூட்டிப் படிக்கச் சொன்னால் எழுத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு சொல்லை முழங்குவது அக்காட்சியின் நகை. குழந்தைத்தனமான வேடிக்கையாகவே இது முதற்பார்வைக்குத் தோன்றும். ஆனால் 1957 அரசியலமைப்பு மலாயை நாட்டு மொழியாக்கியிருந்தது. முதியோர்க்கு எழுத்தறிவிக்கும் இயக்கம் நடந்துகொண்டிருந்தது. ஜாவி எழுத்து பின்னுக்குச் சென்று உரோமன் எழுத்து முன்னுக்கு வந்துகொண்டிருந்தது. வளர்ந்த மனிதர்கள் பலகை முன் அமர்ந்து எழுத்துக் கூட்டிய காலம் அது. அரங்கில் சிரித்தவர்களுள் அவ்வாறு அமர்ந்தவர்களும் இருந்திருப்பர். நகை பிறக்கும் களன்களாகத் தொல்காப்பியர் பிறரை எள்ளுதலையும் இளமையையும் அறியாமையையும் மடமையையும் கூறுவார். தன்னுடைய அறியாமையைத் தானே கண்டு நகுதலையும் அவற்றோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

பெலாலாங்கும் ஹரிசர்மனும்

'நுஜும் பா பெலாலாங்' நாட்டார் கதையிலிருந்து எடுக்கப்பட்டது. பா பெலாலாங் ஒரு சோம்பேறி. அவனுடைய மகனின் பெயர் பெலாலாங், அதாவது வெட்டுக்கிளி. மகன் ஊராரின் எருமைகளை ஒளித்துவைக்க, தந்தை அவை இருக்குமிடத்தைக் 'கணித்து'ச் சொல்கிறான். சோதிடன் என்று பெயர் பரவுகிறது. அரசனின் செல்வம் களவு போகிறது. கண்டுபிடிக்காவிட்டால் தலை போகும். திருடர் இருவர். படத்தில் அவர்களுக்கு இடப்பெற்ற பெயர்கள் ஞாவா, பாடான் என்பன. உயிர், உடல் என்று பொருள். ஒருவன் சாவதை உடலும் உயிரும் பிரிதலாகச் சொல்லும் வழக்கு மலாயில் உண்டு. சம்சுடினும் அஜிஸ் சத்தாரும் இவ்விரு திருடர்களாக வந்து, குகைக்குள் பணத்தைப் பங்கிடும் காட்சி மலாய்ப் பட நகைச்சுவையின் உச்சங்களுள் ஒன்று. பங்கிடுபவன் எண்ணிக்கொண்டே ஏமாற்றும் அந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கதையின் பிற்பகுதியில் அயல்நாட்டு அரசன் புதிர்களோடு கப்பலில் வருகிறான். இரு வாத்துக்குஞ்சுகளில் எது ஆண், எது பெண். இரு முனையும் ஒத்த மரத்துண்டில் எது அடி, எது நுனி என்பன அப்புதிர்களுள் சில. இறுதியாக, மூடிய கைக்குள் இருப்பது என்ன என்று கேட்கப்படுகிறது. வழியற்ற தந்தை மகனை நினைத்து அவன் பெயரைச் சொல்லிப் புலம்புகிறான். கைக்குள் இருந்ததோ வெட்டுக்கிளி.

காஷ்மீரத்தில் பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய 'கதாசரித்சாகர'த்தைப் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஹரிசர்மன் நினைவுக்கு வருவான். அவனும் ஏழை, அறிவிலி. மணவிருந்தில் தன்னை மறந்துவிட்ட வீட்டாரின் குதிரையை ஒளித்துவைத்துப் பின் 'கணித்து'ச் சொல்லிப் பெயர் பெறுகிறான். அரண்மனையில் பொன்னும் மணியும் களவு போக, ஓர் அறையில் அடைக்கப்படுகிறான். களவாடிய பணிப்பெண்ணின் பெயர் ஜிஹ்வா. நாக்கு என்று பொருள். பேராசையால் பொய் பேசிய தன் நாக்கை அவன் திட்ட, கதவருகே ஒட்டுக்கேட்ட ஜிஹ்வா தன்னைத்தான் சொல்கிறான் என்றஞ்சிக் காலில் விழுகிறாள். கடைசிச் சோதனையாக மூடிய குடத்துக்குள் தவளை வைக்கப்படுகிறது. சிறுவயதில் தந்தை தனக்கிட்ட செல்லப்பெயர் 'தவளை' என்பதால், தவளையே உனக்கு இக்குடம் அழிவாயிற்றே என்று அவன் தன்னைத்தானே நொந்துகொள்கிறான். விடை சரியாகிவிடுகிறது.

ஒளிக்கப்பட்ட விலங்கு, அரண்மனைக் களவு, மூடிய பொருளும் பெயரும் என்னும் மூன்று படிகளும் ஒத்திருக்கின்றன. மரத்துண்டுப் புதிரும் புதிதன்று. பாலி மொழியிலுள்ள மகா உம்மக்க சாதகத்தில் மகோசதன் மரத்துண்டை நீரிலிட்டு, கனமான அடிப்பகுதி தாழ்வதைக் காட்டி இதே வினாவுக்கு விடையளிக்கிறான்.

இவ்வொப்புமையைக் கண்டவுடன், பார்த்தீர்களா, எல்லாம் இங்கிருந்து போனதுதான் என்று கூவும் ஆசை நம் துறையினர்க்கு எழுவது இயல்பு. ஜெர்மானிய அறிஞர் தியோடர் பென்ஃபே 1859-இல் பஞ்சதந்திர ஆய்வின்வழி ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். கதைகள் இந்தியாவிலிருந்து உலகெங்கும் பரவின என்ற அவருடைய கொள்கையைப் பிற்கால ஆய்வாளர் அவ்வாறே ஏற்கவில்லை. கிரிம் சகோதரர் தொகுப்பில் 'எல்லாம் அறிந்த மருத்துவர்' என்றொரு கதையுண்டு. அதில் குடியானவனின் பெயர் நண்டு. மூடிய தட்டில் இருப்பதும் நண்டு. அரபு நாடுகளில் வழங்கும் கதையிலோ கணவன் பெயர் சிட்டுக்குருவி, மனைவி பெயர் வெட்டுக்கிளி. மலாய்க் கதையில் வருவதும் வெட்டுக்கிளி. சோதிடனைக் குறிக்கும் 'நுஜும்' என்ற சொல்லும் அரபுச் சொல். ஆகவே பா பெலாலாங் நேரே காஷ்மீரத்திலிருந்து கப்பலேறி வந்தவன் என்று சொல்வதைவிட, அரபு வணிகர் வழியிலும் வந்திருக்கலாம், இரு வழியிலும் வந்து இங்கே கலந்திருக்கலாம் என்று கொள்வதே நேர்மை.

இதில் வியப்பதற்குரியது வேறொன்று. சொல் விளையாட்டு மொழிபெயர்ப்பைத் தாங்காது என்று மேலே கூறினேன். ஆனால் இக்கதையின் சிலேடை சமஸ்கிருதம், அரபு, ஜெர்மன், மலாய் ஆகிய அனைத்திலும் உயிரோடு இருக்கிறது. பெயர்க்கப்படுவது சொல்லன்று, சொல்லுக்குரிய இடம் என்பதே இதற்குக் காரணம். ஒரு பெயர் இருக்க வேண்டும். அது ஒரு பொருளுக்கும் பெயராக இருக்க வேண்டும். அச்சத்தில் அது வாய்தவறி வெளிப்பட வேண்டும். ஒவ்வொரு மொழியும் அந்த இடத்தில் தன் சொல்லைப் போட்டுக்கொள்கிறது: தவளை, நண்டு, வெட்டுக்கிளி. ரம்லியின் படம் நீடிப்பதற்கு ரம்லியின் திறமை மட்டும் காரணமன்று. ஆயிரம் ஆண்டுகளாகத் தேய்த்து மெருகேற்றப்பட்ட பொறி ஒன்று அதனுள் இயங்குகிறது.

சிரிப்பு நின்ற ஆண்டுகள்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, நல்ல நகைச்சுவை தானே நிலைக்கும் என்று முடிவுகட்டினால் வரலாறு நம்மை மறுக்கும். இப்படங்கள் இடையில் கைவிடப்பட்டன. ரம்லி 1964-இல் கோலாலம்பூருக்குப் பெயர்ந்து மெர்டேக்கா படப்பிடிப்புத் தளத்தில் பணியாற்றினார். இந்தோனேசிய மோதல்கொள்கையால் அந்நாட்டுச் சந்தை அடைபட்டது. தொலைக்காட்சி சிங்கப்பூரில் 1963 பிப்ரவரியிலும் மலாயாவில் அதே ஆண்டு டிசம்பரிலும் வந்துவிட்டது. ஜாலான் அம்பாஸ் தளம் 1967-இல் மூடப்பட்டது. வெளிநாட்டு வண்ணப் படங்களுக்கெதிரே மெர்டேக்காவின் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏழ்மையாகத் தெரிந்தன. ஏ. ஆர். தொம்பேல், இப்ராஹிம் டின் ஆகியோரோடு மற்றொரு மூவர் கூட்டணி அமைத்து 1966-இல் அவர் எடுத்த 'டோ ரே மி', அதன் வரிசையில் 1972-இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' ஆகியவை பழைய சிரிப்பை மீட்க முயன்றவை. பின்னதே அவர் இயக்கிய கடைசிப் படம். வரவேற்பில்லை. பழம்பாணி என்று ஒதுக்கப்பட்டவராகவே 1973 மே 29 அன்று, தம் 44-ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார்.

அதன்பின்னர் எல்லாம் மாறின. 1982-இல் கோலாலம்பூரின் ஜாலான் பேரி அவர் பெயரைப் பெற்றது. 1986-இல் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவகமாயிற்று. 1990-இல், மறைந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 'தான் ஸ்ரீ' விருது வழங்கப்பட்டது. அரசு தரும் பெருமைகள் மக்களின் சிரிப்பைப் பின்தொடர்ந்து வந்தவையேயன்றி அதற்கு முன்னோடியல்ல. அச்சிரிப்பை மீட்டெடுத்தது எது? திரையரங்கைக் கொன்றது என்று பழிசுமத்தப்படும் தொலைக்காட்சியேதான். விலைகொடுத்து வாங்கிய படங்களைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்ப வேண்டிய தேவை அதற்கு இருந்தது. நோன்புப் பெருநாள் என்றால் ரம்லி படம் என்றாயிற்று.

இங்கே சிரிப்பின் தன்மையே மாறிவிடுவதைக் கவனிக்க வேண்டும். திரையரங்கில் முதன்முறை பார்ப்பவனைச் சிரிக்க வைப்பது எதிர்பாராமை. பதினைந்தாவது முறை பார்ப்பவனுக்கு எதிர்பாராதது எதுவுமில்லை. அவன் அடுத்த வரியை நடிகருக்கு முன்பே சொல்லிவிட்டு, தந்தையையோ தங்கையையோ பார்த்துச் சிரிக்கிறான். சிலேடை அப்போது புதிராக இருப்பதை விட்டுவிட்டு, ஒரு குடும்பத்தின், ஒரு சமூகத்தின் பொதுச்சொத்தாகிவிடுகிறது. தமிழில் 1989-இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சிக்கு நேர்ந்ததும் இதுவே. அதன் முடிவு தெரியாதவர் தமிழரிடையே அரிது. ஆயினும் யாரும் அலைவரிசையை மாற்றுவதில்லை. நிலைபேறு என்பது படத்துக்குள் மட்டும் இருப்பதன்று, திரும்பத் திரும்பக் காட்டிய நிறுவனங்களாலும் திரும்பத் திரும்பச் சொன்ன வாய்களாலும் உண்டாக்கப்பட்டது. எனினும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட படங்கள் வேறு பலவும் உண்டு. அவற்றின் வரிகளை யாரும் சொல்வதில்லை. பொறி உள்ளே இல்லாத படத்தை மீள்காட்சியால் காப்பாற்ற முடியாது.

வாயிற்காவலரின் மலாய்

'செனிமான் பூஜாங் லாபோக்' பற்றித் தனியே சொல்ல வேண்டும். நடிகராக விரும்பி மூவரும் ஜாலான் அம்பாஸ் தளத்துக்கே வருகின்றனர். வசனத்தை மாற்றிப் பேசிப் படப்பிடிப்பைக் குலைக்கின்றனர். தன் தொழிற்சாலையைத் தானே கேலி செய்யும் படம் இது. அத்தளத்தின் வாயிலும் முற்றமும் எப்படி இருந்தன என்பதற்கு இன்று நமக்குக் கிடைக்கும் நல்ல சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அவ்வாயிலில் ஒரு சீக்கிய ஜாகா நிற்கிறார். மூவரும் மரியாதையின்றிப் பேச, இது நாட்டு மொழி மாதம், மலாய்க்காரர்களாகிய நீங்களே மலாயை இப்படிப் பேசலாமா என்று அவர் கடிந்துகொள்கிறார். கடிந்துகொள்ளும் அவருடைய மலாயோ கடைத்தெரு மலாய். நாட்டு மொழி இயக்கம் வேகம் பெற்றிருந்த 1961-இல் இக்காட்சி பெற்றிருக்கக்கூடிய சிரிப்பை எண்ணிப் பார்க்கலாம்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? இவ்வினாவை வகுப்பில் எழுப்பும்போதெல்லாம் மாணவர் இரு அணியாவர். இந்தியரின் உச்சரிப்பை நகையாடும் மலிவான வேடிக்கை என்பர் ஒரு சாரார். அக்காலப் படங்களில் அத்தகைய வேடிக்கை உண்டு. பல இடங்களில் அது எள்ளலே, அதைக் காக்க வேண்டிய கடமை நமக்கில்லை. திரையில் சீக்கியரும் தமிழரும் மலையாளியும் ஒரே தலைப்பாகைக்குள் அடங்கிவிடுவதும் உண்மை. நாமும் கல்கத்தாவில் கப்பலேறியதைக் கொண்டு சீக்கியரை 'வங்காளி' என்றழைத்துப் பழகியவர்கள்தாம் என்பதால் இதில் மிகையாகச் சினங்கொள்ளவும் எனக்குத் தயக்கமுண்டு. ஆனால் இந்தக் காட்சியில் இலக்கணம் தவறியவர் ஜாகாவும், பண்பு தவறியவர் மூவரும் ஆவர். மொழியைப் பிழையின்றிப் பேசுவது யார், மொழிக்குரிய மரியாதையோடு பேசுவது யார் என்னும் இரண்டையும் பிரித்துக் காட்டி, மதிப்பெண்ணை ஜாகாவுக்கு அளிக்கிறார் ரம்லி. நாட்டு மொழி யாருக்குச் சொந்தம் என்று தலைவர்கள் மேடையில் வாதிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், வாயிற்கதவுக்கு வெளியே மூன்று மலாய்க்காரரும் உள்ளே ஒரு சீக்கியரும் நின்று நடத்திய அந்த உரையாடலை அரசியல் வரலாற்று நூல்கள் மேற்கோள் காட்டாதது எனக்கு வியப்பாகவே உள்ளது.

அந்தக் கடைத்தெரு மலாய் இன்று அருகி வருகிறது. தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் அதைப் பேசிய தமிழர் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. இன்றைய தமிழ் மாணவர் பள்ளியில் கற்ற செம்மையான மலாயைப் பேசுகின்றனர். ஜாகாவின் பிழைகள் பிழைகளாக அவர்களுக்குத் தெரிகின்றன. அப்பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருந்ததும், சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் அவ்வொழுங்கைக் கொண்டே மீன் வாங்கிக் கடன் சொல்லி வாழ்ந்ததும் தெரிவதில்லை. படம் நிலைத்துவிட்டது, அது பேசும் மொழி நிலைக்கவில்லை என்னும் நிலை வருமாயின், அடிக்குறிப்பு வேண்டும் துணுக்காக இதுவும் ஆகிவிடும்.

என் வகுப்பில் 'நுஜும் பா பெலாலாங்' படத்தின் சில காட்சிகளுக்குத் தமிழ்த் துணைவரிகள் எழுதும் பயிற்சியை மாணவர்க்கு அளிப்பதுண்டு. பெரும்பாலோர் பெயர்களை அப்படியே விட்டுவிட்டுப் பிறை வளைவுக்குள் பொருள் எழுதுவர். சிரிப்பு வராது. ஒரு மாணவி மட்டும் மகனுக்கு வெட்டுக்கிளி என்றே பெயரிட்டாள். தலை வெட்டப்படுமோ என்றஞ்சும் தந்தையின் வாயில் 'வெட்டு' என்று தொடங்கும் பெயர் வந்தபோது, மலாயில் இல்லாத ஒரு நகை தமிழில் முளைத்தது. திருடர் இருவருக்கும் அவள் இட்ட பெயர்கள் உயிர், மெய். தமிழில் மெய் என்பது உடல். மெய் என்பது உண்மை. மெய் என்பது எழுத்து. மெய் என்னும் பெயருடைய ஒருவன் குகைக்குள் அமர்ந்து கூட்டாளியைப் பொய்க்கணக்கில் ஏமாற்றுகிறான். வகுப்பு முழுவதும் சிரித்தது. கடைசி வரிசையிலிருந்து ஒருவர், இருவரும் பிடிபட்டால் உயிர்மெய் ஆகிவிடுவார்களே என்றார். 'பெண்டேகார்' படத்தின் எழுத்துக் கூட்டும் காட்சியை அடுத்த வாரத்துக்கென்று வைத்திருந்தேன். அதை அன்றே போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.